ஒரு சொட்டும் சிந்தாத அக்கா

கோரிமேட்டுச் சாலையில் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்ப்பது, திருவிழாவில் அன்னதானப் பந்தியில் நிற்பது மாதிரி. சாலை இன்னும் கொஞ்சம் போனால் தமிழ்நாடு. எங்கள் பக்கம் யூனியன் பிரதேசம், பெட்ரோல் கொஞ்சம் மலிவு. அதனால் விழுப்புரம் வண்டியும் திண்டிவனம் வண்டியும் ஊர் திரும்பும் முன் எங்களிடம் வந்து வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் எல்லையைத் தாண்டும். எல்லாருக்கும் அவசரம். எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள். நான் அங்கே ஷிப்ட் இன்சார்ஜ். பட்டம் பெரிதாகத்தான் இருக்கும். வேலை என்னவென்றால், முன்னால் வாடிக்கையாளரிடமும் பின்னால் முதலாளியிடமும் திட்டு வாங்குவது.

அந்தக் களேபரத்தில் ஒரே ஒருவர் மட்டும் அவசரப்பட மாட்டார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவையோடு நிற்கும் அக்கா. எல்லாருக்கும் அவர் அக்காதான். முதலாளி அவரைவிட மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா பெட்ரோல் போடுவதைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் அளவு முடிந்ததும் நாசிலை உருவி எடுப்பார்கள். வருகிற வழியில் டேங்க் மேல் கொஞ்சம், தரையில் கொஞ்சம், வாடிக்கையாளரின் பேண்ட்டில் கொஞ்சம் சொட்டும். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அக்கா அப்படி எடுக்க மாட்டார். அளவு முடிந்த பிறகும் நாசில் டேங்க் வாய்க்குள்ளேயே இருக்கும். விளிம்பில் மெல்லத் தட்டுவார். காத்திருப்பார். மறுபடி தட்டுவார். கடைசிச் சொட்டும் விழுந்ததைக் குனிந்து பார்த்த பிறகு, இடது கையில் நாலாக மடித்து வைத்திருக்கும் துணியால் நாசில் நுனியைப் பொத்திக்கொண்டு, பால் குடித்த குழந்தையின் வாயைத் துடைப்பது போலத் துடைத்து மாட்டுவார். அப்புறம் தாழ்ந்த குரலில் சொல்வார்:

"நல்லபடியா போங்க."

முதலாளிக்கு இந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லாரையும் அப்படியே சொல்லச் சொன்னார். ஒரு வாரம் எல்லாரும் சொன்னார்கள். 'நல்லபடியா போங்க' என்று அவர்கள் கத்திய கத்தலில், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்கள் ஒரு மாதிரி திரும்பிப் பார்த்தார்கள். அதோடு நின்றுபோனது.

நான்தான் வெகுநாள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அக்கா வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். டேங்க்கின் வாய்க்குள் பார்த்துத்தான் சொல்வார்.

சிந்தவிடாத இந்தக் குணத்துக்கு எங்கள் பங்க்கில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கஞ்சத்தனம் என்றார் காற்று அடிக்கிறவர். வீட்டுக்காரர் மில்லில் இருந்து, மில்லை மூடி, அவரும் போய்ச் சேர்ந்த பிறகு பட்ட கஷ்டம் அப்படி ஆக்கிவிட்டது என்றார் கணக்கு எழுதும் பெண். "அக்கா, அந்தத் துணியப் புழிஞ்சா என் வண்டி வீட்டுக்குப் போயிடும்" என்று நானும் என் பங்குக்குக் கேலி செய்திருக்கிறேன். அக்கா சிரித்துக்கொண்டே துணியை இன்னும் ஒரு மடிப்பு மடிப்பார்.

ஒரு நாள் ஓர் ஆட்டோக்காரர், டேங்க் நிரம்பிய பிறகும் இன்னும் கொஞ்சம் பிடிக்கும் என்று வண்டியைக் குலுக்கிக்கொண்டே நின்றார். அக்கா போதும் என்றார். அவர் கேட்கவில்லை. பெட்ரோல் பொங்கித் தரையில் ஓடியது. அக்கா கத்தி நான் பார்த்தது அன்றுதான்.

"சொன்னேன்ல? கொட்டிட்டியேப்பா!"

"கொட்டுனா என்னா இப்ப? காசு என்னுதுதான?"

"காசு உன்னுதுதான். பெட்ரோல் உன்னுது இல்ல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருவர், மொபெட்டில் வாரம் தவறாமல் வருகிறவர், "அப்ப யாருதும்மா அது?" என்று கேட்டார். அக்கா மணல் வாளியை எடுத்து வந்து, சிந்திய இடத்தில் கையால் அள்ளி அள்ளிப் போட்டார். உதறிக் கொட்டியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் உட்கார்ந்து கைப்பிடி கைப்பிடியாகப் போட்டதைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது, எங்கே என்று தெரியவில்லை.

அந்தக் குணம் எங்கே முற்றியது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு ஹாலில் எங்களுக்கெல்லாம் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். தீ பிடித்தால் என்ன செய்வது, போன் ஏன் பேசக் கூடாது, இதெல்லாம். வகுப்பு எடுக்க வந்த ஆபீசர் பேச ஆசைப்படுகிற மனிதர். பெட்ரோல் எங்கிருந்து வருகிறது என்று ஆதியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். பாதிப் பேர் தூங்கிவிட்டோம்.

மனிதன், மாடு எல்லாம் தோன்றுவதற்கு முன்னால், கடலில் கண்ணுக்குத் தெரியாத செடிகளும் உயிர்களும் கோடி கோடியாக மிதந்தனவாம். வெயிலைத் தின்று வளர்ந்தன. செத்ததும் தூசி மாதிரி அடியில் இறங்கின. காற்றுப் பட்டால் அழுகி ஒன்றுமில்லாமல் போயிருக்கும். சேறு வந்து மூடியதால் மிஞ்சின. அதன் மேல் இன்னொரு அடுக்கு, அதன் மேல் இன்னொன்று. பாரம் ஏற ஏறச் சேறு பாறையானது. கீழேயிருந்து பூமியின் சூடு. "பிரியாணிக்குத் தம் போடுறோம் இல்ல, அந்த மாதிரி" என்றார் ஆபீசர். பிரியாணி என்றதும் தூங்கியவர்கள் எழுந்தோம். சூடு குறைந்தால் வேகாது, மிஞ்சினால் வெறும் காஸாகப் போய்விடும், பதமாக இருந்தால்தான் எண்ணெய். சதுப்பு நிலத்தில் விழுந்த காடுகள் இதே மாதிரி மூடப்பட்டுக் கரியாயின, நெய்வேலியில் தோண்டுவது அதைத்தான் என்றார்.

அக்கா எழுந்து நின்றார். அவர் அப்படிக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

"சார், அதுங்க உசுரோட இருந்து செத்ததுங்கதான?"

"ஆமாம்மா."

"இப்ப கடல்ல விழுறதும் அப்பிடி ஆவுமா சார்?"

ஆபீசருக்குத் தன் வகுப்பை ஒருத்தராவது கேட்டிருக்கிறார் என்று சந்தோஷம். "அழுவுறதுக்குள்ள சேறு மூடிடுச்சுன்னா ஆகும்மா. ஆனா கோடிக்கணக்குல வருஷம் ஆகும். நீங்க, நான், யாருமே இருக்க மாட்டோம்."

"பரவால்ல சார்" என்றார் அக்கா. உட்கார்ந்தார்.

என்ன பரவாயில்லை என்று எங்களுக்குப் புரியவில்லை. சிரித்தோம். அதற்கு முன்னும் அக்கா கவனமாகப் பெட்ரோல் போடுகிறவர்தான். 'நல்லபடியா போங்க' வந்தது அந்த வகுப்புக்கு அப்புறம்தான்.

அந்த வருஷமே பங்க் ஆட்களெல்லாம் ஒரு வேன் பிடித்துத் திருவக்கரைக்குப் போனோம். மற்றவர்கள் அம்மன் கோயில் வரிசையில் நின்றார்கள். அக்கா கிறிஸ்துவர். நான் கூட்டத்துக்குப் பயந்தவன். இரண்டு பேரும் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவுக்கு நடந்தோம். பெரிய பெரிய மரங்கள், பட்டை, வளையம், முடிச்சு எல்லாம் அப்படியே இருக்கும், தொட்டால் கல். எப்போதோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்களாம். மரத்துக்குள் கல் ஊறி ஊறிக் கல்லாகவே ஆகிவிட்டது.

அக்கா ஒரு மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இது ஏன் தம்பி கரியாவல?"

"இது மணல்ல மாட்டிக்கிச்சுக்கா. சேத்துல மாட்டியிருந்தா கரியாயிருக்கும்." எனக்கு என்ன தெரியும், பலகையில் படித்ததை வைத்து அடித்துவிட்டேன்.

அக்கா சுற்றியிருந்த கம்பி வேலியைப் பார்த்தார். நட்டுவைத்த பலகையைப் பார்த்தார். "மரத்துக்குக்கூடக் கல்லறை கட்டி, வேலி போட்டு, பேரு எழுதி வெச்சிருக்காங்களே" என்றார். பிறகு, ஏதோ சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அவருக்கு ஒரே மகன். மேற்குக் கடலில் தண்ணீருக்கு நடுவே மேடை கட்டி எண்ணெய் எடுக்கிறார்களே, அந்த மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகிற படகில் வேலை. ஊருக்கு வந்தால் அம்மாவின் சமையலைக் குறை சொல்லிவிட்டு இரண்டு மடங்கு சாப்பிடுகிறவன். ஒரு புயலில் படகு கவிழ்ந்தது. மற்றவர்களின் உடல்கள் கிடைத்தன. இவன் கிடைக்கவில்லை. பெட்டியில் அவனுடைய ஒரு சட்டையை மட்டும் வைத்து அனுப்பினார்கள்.

"சட்டையப் பொதைக்க மனசு வரல தம்பி. வூட்லயே வெச்சிருக்கேன். கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைக்குப் போவும். நான் அவுங்கப்பா கல்லறைக்குப் போயி மெழுவத்தி கொளுத்துவேன். அப்பனுக்கு எடம் இருக்குது. புள்ளைக்கு இல்ல. மெழுவத்திய எங்க வெக்கிறது?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, சிந்திய பெட்ரோல் மேல் அவர் மணல் அள்ளிப் போட்டதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று. குழியில் இறக்கிய பிறகு கைப்பிடி மண் போடுவோமே, அதுதான்.

திரும்பும்போது வேனில் எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். அக்காவும் கை தட்டினார்.

அக்கா தன் பிள்ளை பெட்ரோல் ஆகிவிடுவான் என்று நம்புகிறார், அதனால்தான் ஒரு சொட்டைக்கூடக் கீழே விட மாட்டேன் என்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். விஷயம் மெல்லப் பங்க்கில் பரவியது. வகுப்பில் அவர் கேட்ட கேள்வி எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் சிலர் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினார்கள். மனிதன் பெட்ரோல் ஆக மாட்டான், கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூச்சியும்தான் ஆகும் என்று நான் போனில் தேடிப் படித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு தாய் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றால் நிற்கட்டுமே, நமக்கென்ன. பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்தபோது, அது கரும்பிலிருந்து எடுப்பது என்று கேள்விப்பட்டு அக்கா, "நேத்து வெட்டுன கரும்ப அம்மாம் பழைய காலத்துப் பெரியவங்களோட கொண்டாந்து கலக்குறாங்க பாரு" என்று அலுத்துக்கொண்டார். அதற்கும் நான் சிரித்துத்தான் வைத்தேன்.

அந்த எத்தனால்தான் பிறகு வினையானது.

காலையில் முதல் வேலையாகப் பூமிக்கடியில் இருக்கும் டேங்க்கில் நீளமான அளவுகோலை இறக்கி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். டிப் பார்ப்பது என்று பெயர். கோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்க வேண்டும். அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறிவிடும். பழைய நாளில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் அடியில் தனியாகக் கிடக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்த் தங்கிவிடும். அதைப் போட்டால் வண்டி ஓடாது. நான் கோலை இறக்கி ஏற்றுவேன், அக்கா துடைத்துக் கொடுப்பார். இது எங்கள் வழக்கம்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாளும் அப்படித்தான் டிப் பார்த்தோம். டேங்க்கர் லாரி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். திறப்பை மூடச் சொல்லிவிட்டு நான் போனேன். திரும்பி வந்தபோது அக்கா மூடிப் பூட்டிச் சாவியை நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. பெட்ரோல் நெடி என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு மூன்று நாளும் டிப்பில் ஒன்றுமில்லை. பசை நிறம் மாறவில்லை. அப்புறம் ஒரு நாள் காலை டிப் முடிந்து வியாபாரம் ஆரம்பித்த பிறகு மழை பிடித்தது. பங்க் தரையெல்லாம் கணுக்கால் தண்ணீர். மதியத்துக்குள் ஒவ்வொருவராக வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஆட்டோ, பைக், ஒரு கல்யாணக் கார். மாப்பிள்ளை வீட்டார் என்னைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள். விற்பனையை நிறுத்தி, கோலை இறக்கினேன். பசை முழுக்க நிறம் மாறியிருந்தது.

முதலாளி எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்தார். அவருக்கும் மேலே பதில் சொல்லியாக வேண்டும். லாரி டிரைவரை, என்னை, காற்று அடிக்கிறவரை என்று ஒவ்வொருவராகக் குடைந்தார். அக்கா தானாக முன்னால் வந்தார்.

"நான்தான் தண்ணி ஊத்துனேன் சார்."

"என்னாது?"

"தீர்த்தம் சார். கல்லறைத் திருநாளுக்கு சாமியார் எல்லாக் கல்லறையயும் மந்திரிச்சாரு. அந்தத் தண்ணியக் கொஞ்சம் வாங்கிட்டு வந்து, டிப் பாக்குற ஓட்டை வழியா ஊத்துனேன். ஒரு சின்ன பாட்டில்."

"ஏம்மா? எதுக்கும்மா?"

"செத்ததுங்களுக்கு யாரும் மந்திரிக்கலியே சார்."

முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் ஓர் ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது. நான் விடவில்லை. "சார், மருந்து பாட்டில் அளவுத் தண்ணி, அவ்ளோ பெரிய டேங்க்கு. மூணு நாளா டிப்ல ஒண்ணுமே இல்ல. இது மழைத்தண்ணி. மேல்மூடி வழியா எறங்கியிருக்கும், தொறந்து பாருங்க" என்று கத்தினேன். "டிப்ல தெரியலன்னா நீ ஒழுங்காப் பாக்கலன்னு அர்த்தம். ரெண்டு பேரையும் சேத்து அனுப்பவா?" என்றார் அவர்.

"தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க சார்" என்றார் அக்கா. "ஊத்துனது நானு. அது தப்புதான். நான் போறேன்."

காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்தார். அதன் மேல் அந்தத் துடைக்கிற துணியை, நாலாக மடித்தபடியே வைத்தார். மழையில் குடையில்லாமல் நடந்து போனார். தன் கையால்தான் அத்தனை வண்டியும் நடுவழியில் நின்றது என்று அவர் மனதார நம்பினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த பெருமழைக்கு டேங்க்கில் மறுபடி தண்ணீர் இறங்கியது. அப்போது மேல்மூடியைத் திறந்து பார்த்தார்கள். சுற்றிலும் இருக்கும் ரப்பர் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "அக்காவ வரச் சொல்லுப்பா" என்றார்.

அன்று மாலையே அக்கா இருக்கும் நெல்லித்தோப்புக்கு வண்டியை விட்டேன். சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு வீடு. ஒரே அறை. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஆணியில் ஹேங்கரில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை. இஸ்திரி போட்டிருந்தது. நான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் ஊற்றிய தண்ணீர் ஒன்றுமே செய்யவில்லை, ரப்பர்தான் காரணம், முதலாளியே கூப்பிடுகிறார் என்று.

பெரிய பாரத்தை இறக்கிவைத்த மாதிரி அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். அக்கா வேறொன்று கேட்டார்.

"அந்தக் கெட்டுப்போன பெட்ரோல என்னா தம்பி பண்ணீங்க?"

"மேல இருந்ததைக் கம்பெனி லாரில எடுத்துட்டுப் போயிட்டாங்க. அடியில தண்ணியோட கலந்து கெடந்ததை ட்ரம்ல ஏத்தி..."

"ஏத்தி?"

"பங்க்குக்குப் பின்னாடி காலி மனை இருக்குல்ல, அங்க ஊத்திட்டாங்க."

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "தரையிலயா? தரையிலயா ஊத்துனீங்க?" என்று மறுபடி மறுபடி கேட்டார். வேலை போனபோது அழாதவர் அப்போது அழுதார். நான் சுவரில் இருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "என்னக் கூட்டிட்டுப் போ" என்றார். வேலைக்குத்தான் என்று நினைத்து வண்டியை எடுத்தேன். பங்க்குக்கு வந்ததும் அவர் முதலாளி அறைப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பின்னால் நடந்தார்.

காலி மனையில் எங்கும் கோரையும் எருக்கும் மண்டிக் கிடந்தன. நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு துண்டு நிலம் மட்டும் கறுத்து, ஒரு புல்கூட இல்லாமல் கிடந்தது. அக்கா அதன் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். மண்ணை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

அவரைத் தேற்ற வேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன். "அக்கா, நீங்க நெனைக்கிற மாதிரி..."

"அவன் பெட்ரோல் ஆவ மாட்டான்னு எனக்குத் தெரியும் தம்பி" என்றார் அக்கா. குரலில் அழுகையே இல்லை. "எல்லாரும் என்னப் பைத்தியம்னு சிரிச்சீங்க. மனுசன மீனு தின்னுடும். அது எனக்குத் தெரியாதா? கடக்கர ஊர்ல பொறந்தவ நானு. ஆனா அவன் எங்க கெடக்குறானோ, அந்த எடத்துலேர்ந்து மேல ஏறி வர்றது இது ஒண்ணுதான். அவன் வரல. இது வருது. இத எப்பிடி நான் தரையில விடுவேன்?"

அத்தனை நாளும் நாங்கள் பரிதாபப்பட்டதெல்லாம் எவ்வளவு மலிவான பரிதாபம் என்று தோன்றியது.

அவர் கறுத்த மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நான் ஊத்துன தீர்த்தமும் இதுலதான இருக்குது?"

"ஆமாக்கா. அடியில கெடந்ததெல்லாம் இங்கதான்."

"அப்ப இது மந்திரிச்ச எடம்."

மடியிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறார். நான் பதறி, "அக்கா, பங்க்!" என்றேன். "கொளுத்த மாட்டேன், பயப்படாத" என்றார். கறுத்த மண்ணில் ஒரு குழி பறித்து, கொளுத்தாத மெழுகுவத்தியை நேராக நட்டார். வாய்க்குள் எதையோ சொன்னார். பிள்ளையின் பெயராக இருக்கும். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

அக்கா வேலைக்குத் திரும்பி வந்தார். மூட்டுவலி வந்து நிற்க முடியாமல் போகும்வரை பெட்ரோல் போட்டார், அதே துணி, அதே நிதானம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் பின்னால் போய் வருவார். யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் குப்பை கொட்ட வேண்டாம் என்று ஒரு நாள் தானாகவே சொன்னார், மனிதர் அவ்வளவு மோசமில்லை.

இரண்டு மழைக்காலம் போனதும் அந்தக் கறுப்பு நிலத்தின் ஓரங்களில் புல் பிடித்தது. அடுத்த மழையில் நடுவிலும் வந்துவிட்டது. கல்லறைத் திருநாளன்று அக்காவோடு நானும் போனேன். எது அந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. எங்கும் பச்சை. இந்த மனுஷிக்குக் கிடைத்த ஒரே இடமும் இப்படிக் காணாமல் போக வேண்டுமா என்று எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது.

"மூடிக்கிச்சேக்கா" என்றேன்.

அக்கா புல்லைக் கையால் தடவினார். "மூடட்டும் தம்பி. மூடுனாத்தான் மிஞ்சும்னு அந்த ஆபீசர் சொன்னாரே."

போன வருஷம் அக்கா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெல்லித்தோப்பில் வீட்டுக்கு வெளியே பெஞ்சு போட்டிருந்தார்கள். பெட்டிக்குள் அக்கா கைகளுக்கிடையில் ஜெபமாலையும், நெஞ்சின் மேல் மடித்து வைத்த அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையும் இருந்தன. அவரே சொல்லி வைத்திருந்தாராம்.

கல்லறைக்குப் போகும் வழியில் நான் பங்க்குக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினேன். அக்காவோடு வருஷா வருஷம் போய் இடம் எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். புல்லைப் பிடுங்கிவிட்டு ஒரு கைப்பிடி மண் எடுத்தேன். கறுப்பாகவெல்லாம் இல்லை, சாதாரண மண்ணாகத்தான் இருந்தது. வாசனையும் இல்லை. கைக்குட்டையை நாலாக மடித்து அதில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரரின் கல்லறையைத் திறந்து அதிலேயே அக்காவை இறக்கினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஒவ்வொருவராகப் போய் மண் போட்டார்கள். என் முறை வந்தபோது குனிந்து, ஒரு துளிகூட வெளியே சிந்தாமல், அந்த மண்ணைப் பெட்டியின் மேல் போட்டேன்.

"புள்ளைய கொண்டாந்துட்டேன்கா" என்றேன். "நல்லபடியா போங்க."

பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டு நகர்ந்தேன். குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியை எடுத்து மூடத் தொடங்கினார்கள்.